மேடை கட்டிய தேக்குக்கு எத்தனை வளையம்?

உங்கள் மேஜையில் இருக்கும் பெரிய லென்ஸ் இருபத்தொன்பது வருடம் என் கையில் இருந்தது. அதன் விளிம்பில் ஒரு கீறல் உண்டு. பொறுப்பேற்றவுடன் அதைப் பழுது என்று எழுதிவைத்தீர்களாம், கேள்விப்பட்டேன். சரிதான். நான் பொறுப்பேற்றபோதும் அந்தக் கீறல் இருந்தது, நான் எழுதவில்லை. அந்த வகையில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இருந்தாலும் ஓய்வு பெற்றவன் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரம் கேட்பதுபோல உட்கார்ந்திருப்பது நம் அலுவலக வழக்கம். உட்காருங்கள்.

மரத்தின் வளர்ச்சி வளையத்தை எண்ணுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. புத்தகத்தில் இருக்கிறது, போதாததற்கு வீடியோவும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது, எண்ணிய பிறகு வாயை எப்போது திறப்பது என்பதைப் பற்றி.

வேலையில் சேர்ந்த முதல் மாதமே உங்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். மரத்தின் வயதைத் தெரிந்துகொள்வதற்காக யாரும் கேட்பதில்லை. கோயில் பக்கத்து மரம் என்றால் ஆயிரம் வருடம் வேண்டும். ரோட்டை அகலப்படுத்துகிறவருக்கு அதே மரம் போன வருடம் முளைத்ததாக இருக்கவேண்டும். அபிஷேகப்பாக்கத்தில் பங்காளிகள் இரண்டு பேர் வரப்புத் தென்னைக்காகச் சண்டை போட்டு, வெட்டிய துண்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னிடம் தூக்கிவந்தார்கள். தென்னைக்கும் பனைக்கும் வளையமே கிடையாது, உள்ளே வெறும் நார்தான், வயது சொல்லமுடியாது என்றேன். அடுத்தவன் என்னை முன்கூட்டியே பார்த்துப் பேசிவிட்டான் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதுவரை அவர்கள் வேறு எதிலும் ஒத்துப்போனதில்லையாம்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த நான்தான், ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருக்கும்போது, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

பாகூருக்கும் வில்லியனூருக்கும் நடுவே ஓர் ஊர். பெயர் வேண்டாம், எந்தக் கொம்யூன் பஞ்சாயத்து என்பதும் வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் ஒரு தேக்கு மரம் இருந்தது. அந்த ஊரில் மரங்களை நேசிப்பவர்களின் குழு ஒன்றும் இருந்தது. இரண்டும் ஒரே ஊரில் இருந்ததுதான் தேக்கின் தலையெழுத்து. குழுத் தலைவர் ஜவுளிக்கடைக்காரர், தங்கமான மனிதர். மரத்தின் பக்கத்தில் போகும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். அவரும் குழுவும் அந்தத் தேக்கை நேசித்த நேசம் கொஞ்சநஞ்சமல்ல. அடிமரத்துக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டையாகப் பெயின்ட் அடித்தார்கள். மரத்தைக் காப்போம் என்று எழுதிய தகரப் பலகையை நான்கு அங்குல ஆணிகளால் மரத்திலேயே அறைந்தார்கள். விழா நாட்களில் சீரியல் லைட்டை இறுக்கிச் சுற்றினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மரத்தைச் சுற்றி மண்ணைக் கொட்டி உயர்த்தி, இடுப்பளவுக்கு சிமென்ட் மேடை கட்டி, கிரானைட் பதித்திருந்தார்கள். மேடைக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையாது. அவ்வளவு கச்சிதமான வேலை.

தேக்கு கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அதனால் அது செத்ததே யாருக்கும் தெரியவில்லை. ஆடி போய் ஆவணி வந்தும் துளிர்க்கவில்லை. ஐப்பசி மழையிலும் நனைந்துகொண்டு சும்மாவே நின்றது. கார்த்திகையில் ஒரு கிளை முறிந்து பஸ் நிறுத்தத்தின் கூரையில் விழுந்தபிறகு, மரத்தை அறுக்க உத்தரவு வந்தது. செத்த காரணத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்க என்னை அனுப்பினார்கள்.

ஊரே திரண்டிருந்தது. மெஷின் ரம்பம் ஓய்ந்ததும் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த மரம் எத்தனை வருஷமாக இப்படி அவஸ்தைப்பட்டது என்று கேட்டார். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. இருபத்தெட்டு வருட அனுபவம் உள்ளவன் அந்த நேரத்தில் என்ன செய்யவேண்டும்? துண்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். நான் பாட்டில் தண்ணீரை வெட்டுமுகத்தில் ஊற்றி, கைக்குட்டையால் துடைத்து, சினிமா டாக்டர் மாதிரி குனிந்தேன். கைக்கு எட்டிய பக்கத்தில் எண்ணினேன். உள்ளேயிருந்து வளையங்கள் அகலம் அகலமாக, விரல் தடிமனுக்கு வந்துகொண்டிருந்தன. பட்டைக்குப் பக்கத்தில் திடீரென்று நூல் மாதிரி மெலிந்துவிட்டன. மெலிந்தவை மூன்று.

"மூணு வருஷம்" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் கழுத்தைத் திருப்பியது. எதிரே பத்தடி தூரத்தில் ஒரு கடை. தனம் பேட்டரி ஒர்க்ஸ் என்று பலகை. டிராக்டர், நெல் அறுக்கும் மெஷின், ஆட்டோ எல்லாவற்றுக்கும் பேட்டரி பார்க்கும் கடை. அது வந்து சரியாக மூன்று வருடம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை ஒரு சமாதானமாகச் சொல்லவில்லை, தெரியாமல் பேசினேன் என்றுதான் சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே நான் மூன்று என்று சொல்லும் வீடியோ என் மனைவியின் போனுக்கே வந்துவிட்டது. பேட்டரி ஆசிட்டை ஊற்றி மரத்தைக் கொன்ற பெண் என்று கீழே எழுதியிருந்தார்கள். நான் அதில் நன்றாக இருப்பதாக மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு வாரத்தில் கொம்யூன் ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து கடையைப் பூட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். விசாரணை பிறகு நடக்குமாம்.

மார்கழி பிறந்த சமயத்தில் அந்தத் தனம் என் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். வில்லியனூரில் ஒரு பட்டறையில் பத்து வருடம் வேலை கற்றுக்கொண்டு சொந்தமாகக் கடை போட்டவர். சத்தம் போடவில்லை, அழவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கடை சாவியை மேஜைமேல் வைத்தார்.

"ஆசிட்ட நான் காசு குடுத்து வாங்கறேன் சார். மரத்துக்கு ஊத்தறதுக்கா?"

நான் அவருக்கு விஞ்ஞானம் சொன்னேன். மரம் எழுதிவைக்கும், பொய் சொல்லாது, நல்ல வருடத்தில் அகலமாகவும் கஷ்டகாலத்தில் ஒடுங்கியும் வளையம் போடும், கடைசி மூன்றும் ஒடுங்கியிருக்கின்றன, அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று நிதானமாக விளக்கினேன். அவர் என் மேஜைக்கடியில் கிடந்த தேக்குத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மித் தடிமனில் வட்டமாக அறுத்து எடுத்துவந்தது, இன்னும் தேய்க்காமல் அப்படியே கிடந்தது.

"எத்தினி பக்கம் எண்ணீங்க?" என்று கேட்டார்.

ஒரு பக்கம் போதும், வளையம் என்பது வட்டம், எங்கே எண்ணினாலும் ஒன்றுதான் என்றேன்.

"ஒரு பேட்டரில ஆறு செல்லு இருக்குது சார். ஒண்ண மட்டும் பாத்துட்டு பேட்டரி செத்துடுச்சினு நான் சொன்னா, அப்பால என் கடைக்கு எவன் வருவான்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரியாகச் சொன்னவர்மேல் வரும் கோபம் இருக்கிறதே, அது தனி ரகம். அறிக்கை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன். அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். பூட்டுக்குமேல் சீல் இருக்கும்போது அந்தச் சாவியை எதற்காகக் கையில் வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

அவர் தெருமுனை தாண்டியதும் துண்டை எடுத்து மேஜையில் போட்டேன். இரண்டு நாள் உப்புத்தாள் தேய்த்தேன், கரடுமுரடில் ஆரம்பித்து நைஸ்வரை. தேய்க்கத் தேய்க்க, நான் அன்றைக்கு எண்ணிய, கடையைப் பார்த்திருந்த பக்கத்தில் ரம்பத்தின் பல் மறைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அந்தப் பக்கம் பட்டைக்குள் அழுகல். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காகிதம்போல ஓர் உயிருள்ள படலம் உண்டு, வளையம் போடுவது அதுதான். சாகப்போகிற மரத்தில் அந்தப் படலம் சுற்றிலும் ஒரேயடியாகச் சாகாது. ஒரு பக்கம் சாகும், இன்னொரு பக்கம் முக்கி முனகி இன்னும் சில வருடம் வளையம் போடும். ஆகவே ஒரே மரத்தில் ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் அதைவிட அதிகம் என்று இருக்கலாம். இது எனக்குத் தெரியாததா? பயிற்சி வகுப்பில் வருடத்துக்கு இரண்டு தடவை நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், படம் போட்டு.

கடைப் பக்கம் மூன்றோடு நின்றுவிட்டது. கிழக்கே ஐந்து. மற்ற இரண்டு பக்கமும் ஏழு. ஏழாக இருக்கக்கூடாது என்று ஆசைப்பட்டு மறுபடி எண்ணினேன், மறுபடியும் ஏழு. ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் தனமும் இல்லை, பேட்டரியும் இல்லை. அது பாட்டுக்குப் புறம்போக்காகக் கிடந்த இடம்.

அப்படியென்றால் ஏழு வருடத்துக்கு முன்னால் மரத்துக்கு என்ன வந்தது என்று பார்க்க மறுநாள் கிளம்பிப் போனேன். மரம் இல்லை, மேடை மட்டும் இருந்தது, நடுவில் அடிக்கட்டையோடு. மேடையை ஒரு சுற்று சுற்றிவந்தேன். வடக்குப் பக்கத்துக் கிரானைட்டில் எழுத்து வெட்டியிருந்தது. மரத்தின்மேல் பேரன்பு கொண்டு குழுவினர் கட்டிய இம்மேடை இன்னாரால் திறந்துவைக்கப்பட்டது என்று தேதி போட்டு இருந்தது. ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. இன்னார் நான். பெயருக்குப் பின்னால் என் பதவியும் பட்டமும் ஒன்றுவிடாமல் வெட்டியிருந்தார்கள்.

அந்த விழா எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. அந்த மாதிரி வருடத்துக்கு இருபது விழாவுக்குப் போவோம். ஒரு மாலை, ஒரு சால்வை, சாப்பாடு, அரை மணி நேரம் மரங்களைப் பற்றிப் பேச்சு. மரத்தின் கழுத்துவரை சிமென்ட் போட்டிருந்த மேடைமேல் நின்றுகொண்டு மரங்களைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். குனிந்து ஒரு தடவை பார்த்திருந்தால் போதும். வேர் மூச்சுவிட வழி இல்லை, அடிமரத்தைச் சுற்றி ஈரம் நின்று பட்டை ஊறுகிறது, இரண்டடி தள்ளிக் கட்டுங்கள் என்று சொல்லியிருப்பேன். மேடையை எப்படிக் கட்டவேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தான். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. எவ்வளவு வெட்கம் என்றால், எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கையை எழுதி அதிகாரியிடம் கொண்டுபோனேன். இப்போது அவர் எங்கேயோ பெரிய பதவியில் இருக்கிறார், நல்ல மனிதர். டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். படித்து முடித்தார். பிறகு என் ஓய்வூதியக் கோப்பு நகரவேண்டிய சமயம் என்று ஞாபகப்படுத்தினார். முதலில் மூன்று என்று சொன்னவன் இப்போது ஏழு என்றால், நாம் எழுதிய பழைய அறிக்கைகளையெல்லாம் ஆளாளுக்குத் தோண்ட ஆரம்பிப்பார்கள் என்றார். காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதினால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை, மரமே போய்விட்டது, அது ஒன்றும் ஆட்சேபிக்கப்போவதில்லை என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த ஒரு வரி உங்களையும் தேடி வரும். பார்க்க அடக்கமாக, நேர்மையாக இருக்கும். அதன் வேலை என்ன என்று சொல்கிறேன். காரணம் தெரியவில்லை என்று நான் எழுதினால், ஊருக்கு ஏற்கெனவே தெரிந்த காரணம்தான் நிற்கும். தனத்தின் கடை பூட்டியபடியே கிடக்கும். நிஜமாகவே தெரியாதபோது அந்த வரியை எழுதுங்கள், கூசாமல் எழுதுங்கள். எனக்குத் தெரிந்திருந்தது. பிஸ்கட் நன்றாக இருந்தது, இரண்டு சாப்பிட்டேன். அறிக்கையை மாற்றவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் ஆறு செல் கணக்குக்கு முன்னால் இன்னொரு தடவை தலைகுனிய என்னால் முடியாது, அவ்வளவுதான்.

விசாரணை மாசிக் கடைசியில்தான் நடந்தது. தலைவரும் குழுவினரும் ஒரு பக்கம், தனம் ஒரு பக்கம். துண்டைச் சாக்குப்பையில் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். நான் வாயால் எந்த எண்ணும் சொல்லவில்லை. லென்ஸையும் ஒரு டப்பா குண்டூசியையும் தலைவரிடம் கொடுத்து, மெலிந்த வளையம் ஒவ்வொன்றிலும் ஓர் ஊசி குத்தச் சொன்னேன், நான்கு பக்கமும். ஜவுளிக்கடைக்காரர், நூல் எண்ணிப் பழகிய கண். பொறுமையாகக் குத்திக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் ஏழாவது ஊசியைக் குத்தியபிறகு நிமிரவே இல்லை. மேடைக்கு எத்தனை வயது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"நாமளா சார் கொன்னோம்?" என்று கேட்டார். அந்த மனிதருக்காக எனக்கு அழுகை வந்தது, சத்தியமாக.

"நீங்க கட்டினீங்க. பாத்துட்டு சும்மா இருந்தவன் நான்" என்றேன்.

கடையின் சீலை எடுக்கச் சொல்லி அன்றே உத்தரவு எழுதினார்கள். கதையை இங்கே முடித்தால் எனக்கு நல்லது. மறுநாள் காலை கடைக்குப் போனேன். வாழ்த்து சொல்லப் போனேன் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் நன்றி வாங்கத்தான் போனேன்.

தனம் கடைக்குள் தூசி தட்டிக்கொண்டிருந்தார். தை மாசிதான் அந்தப் பக்கத்தில் அறுவடை. நெல் அறுக்கும் மெஷின்கள் எல்லாம் சுற்றும் காலம், பேட்டரிக் கடைக்கு வருடத்தில் அதுதான் வேலை. அது பூட்டின கடையோடு போய்விட்டது. மெஷின்காரர்கள் வேறு கடை பழகிவிட்டார்கள். சீல் எடுத்தது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்தாலும் மரத்தைக் கொன்ற கடைக்கு யார் வருவார்கள்? இதையெல்லாம் சொல்லிவிட்டு, உத்தரவின் நகலைக் காட்டிய என்னைப் பார்த்தார்.

"பேப்பர யாரு சார் படிக்கறாங்க? அன்னிக்கு எங்க நின்னுக்கினு மூணுன்னு சொன்னீங்களோ, அங்கயே நின்னு ஏழுன்னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆகவே, அரசாங்கத்தில் இருபத்தெட்டு வருடம் பணியாற்றிய நான், காலை ஏழரை மணிக்கு, ஒரு பஸ் நிறுத்தத்தில், செத்த மரத்தின் அடிக்கட்டைப் பக்கத்தில் நின்று, ஏழு, ஏழு வருஷம் என்று உரக்கச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டடி தள்ளிப் போனார்கள். ஒரு பெண்மணி இன்னா ஏழு என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். வளையத்தை விட்டு மேடைக்கு வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். தனம் கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது நின்றவர்கள் காலேஜ் பிள்ளைகள், ஆறரைக்குக் கம்பெனி வேனுக்கு நிற்கிறவர்கள் வேறு ஆட்கள், பத்து மணிக்கு நல்லவாட்டிலிருந்து மீன் கூடையோடு இறங்குகிறவர்கள் வேறு ஆட்கள் என்று விவரம் சொன்னார். மூன்று வேளையும் போனேன். லீவு போட்டுக்கொண்டு நான்கு நாள் போனேன். மூன்றாம் நாளில் பேச்சு சுருங்கிவிட்டது. மரம் ஏழு வருஷமாகச் செத்துக்கொண்டிருந்தது, இந்தக் கடை வந்து மூணு வருஷம்தான், மேடைதான் கொன்றது, திறந்துவைத்தவன் நான். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு பஸ் வரும் நேரம்கூட வேண்டாம். யாரும் செல்போனை உயர்த்தவில்லை. நல்லது சொல்லும்போது அது உயராது, கவனித்திருப்பீர்கள்.

நான்காம் நாள் பத்தரை மணி இருக்கும். வெயிலுக்காகக் கடை நிழலில் ஒதுங்கி நின்றிருந்தேன். ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிரைவர் குதித்து இறங்கி, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, தள்ளிவிட்டுக் கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொண்டே பேட்டரியைக் கழற்றினார். பெரிய பேட்டரி. ஒரு பக்கம் அவர் பிடித்தார், மறுபக்கம் நான் கைகொடுத்தேன்.

"மரத்த நீ ஒண்ணும் பண்ணலியாமே தனம்" என்றார் அவர் நடந்துகொண்டே. "மீன்காரம்மா சொல்லிச்சு. யாரோ ஒரு ஆபீசராம். மேடைய தொறந்து வெச்சி மாலையும் வாங்கிக்கினு பூட்டானாம்."

தனம் என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்காக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. முடிவை என் கையில் விட்டுவிட்டார்.

"அந்த ஆபீசரு நான்தான்" என்றேன்.

டிரைவர் சட்டென்று நின்றார். என் கையும் தளர்ந்து பேட்டரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பாத்துப் புடிங்க சார்" என்றார் தனம், "ஆசிட்டு மண்ல கொட்டிடப்போவுது."